முட்டை சைவமுங்களா, சாமி?

2025 மார்ச் 5, புதன்கிழமை. கோவை டவுன்ஹால் பக்கம் அன்றைக்கு வண்டியில் போனவர்கள் திண்டாடித்தான் போனார்கள். கோனியம்மனுக்குத் தேரோட்டம். ராஜ வீதியில் வடம் பிடிக்கக் கூட்டம் நெரிந்தது. அதே நாள், கூப்பிடு தூரத்தில் பெரிய கடை வீதியிலிருக்கும் புனித மிக்கேல் பேராலயத்தில் பூசை முடித்து வந்தவர்களின் நெற்றியில் சாம்பல். தவக்காலத்தின் முதல் நாள் அது. கோட்டைமேட்டில் ரமலான் பிறந்து நான்காவது நாள். சாயங்காலமானால் நோன்புக் கஞ்சி மணக்கும். ராமநாதபுரம் பக்கத்து சீரோ மலபார் கத்தோலிக்கர்களுக்கோ நோன்பு திங்கட்கிழமையே தொடங்கியிருந்தது. அவர்கள் சாம்பல் பூசுவது புதனில் இல்லை, திங்களில்.

அந்த நாட்களில் ஓர் ஊரின் பாதி அடுப்புகளில் வழக்கமான சமையல் நின்றுபோனது. அவரவர் கணக்கு அவரவருக்கு. திருவிழாவுக்கு அம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. ரமலானில் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் கிடையாது. கத்தோலிக்கக் கணக்கு இதில் எங்கே நிற்கிறது என்று கேட்டால்தான் சுவாரசியம்.

அதற்கு முன் ஒரு சொல். மற்ற ஊர்க்காரர்கள் கொங்கு நாட்டுக்கு வந்தால் முதலில் குழம்புவது 'நோம்பி' என்ற வார்த்தையில். மாரியம்மன் நோம்பி, தீவாளி நோம்பி என்று இங்கே திருவிழாவுக்கே அதுதான் பெயர். நோன்பு என்ற சொல்லின் வழக்குதான் அது. பட்டினியில் பிறந்த சொல் இங்கே விருந்துக்குப் பெயராக நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் 'நோம்பு' மறுபடி பட்டினியாகிவிடும். ஈஸ்டருக்கு முந்தைய விரதத்துக்குக் கேரளத்துக் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அம்பது நோம்பு'.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தச் சொல்லோடு நிற்கவில்லை. அவர்களுடைய பழைய ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்வியில், இரண்டு வார்த்தைகள் உண்டு: ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் ஒரே வேளைச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் மாமிசம் விலக்கிய சாப்பாடு. இரண்டும் கோயில் வாசலில் நிற்கும் எந்தத் தமிழருக்கும் அகராதி இல்லாமலே புரியும். புரட்டாசிச் சனிக்கிழமை விரதமிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் 'இன்னைக்கு ஒருசந்திங்க' என்றுதான் சொல்லுவார்.

சாம்பலும் அப்படித்தான். சாம்பல் புதன், திருநீற்றுப் புதன், விபூதிப் புதன் என்று அந்த நாளுக்கு மூன்று பெயர் வழங்குகிறது. பேரூருக்கும் மருதமலைக்கும் நடுவே வாழ்கிற ஊரில் 'திருநீறு' என்ற சொல்லைக் கத்தோலிக்கத் திருச்சபை தன் நாட்காட்டியில் அச்சடித்து வைத்திருப்பதை யாரும் இன்று விசேஷமாகக் கவனிப்பதில்லை. ஒரு காலத்தில் அது பெரிய வழக்கு. சந்தனம், சாணச் சாம்பல், பூணூல் என்று உள்ளூர்ப் பழக்கங்களை மதுரை மிஷன் குருக்கள் கிறிஸ்தவர்களுக்கு எந்த அளவு அனுமதிக்கலாம் என்று ரோம் வரைக்கும் சண்டை போனது. போப்பின் தூதராக வந்த துர்னோன் 1704-இல் புதுச்சேரியில் தடை ஆணை போட்டார். சாணச் சாம்பல் நெற்றிக்கு ஆகாது என்பதும் அதில் ஒன்று. 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் அதை உறுதி செய்தார்.

கோவை மறைமாவட்டத்தின் பிறப்பிலேயே இந்த வழக்கின் தழும்பு இருக்கிறது. முதல் ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக், பிரெஞ்சுக்காரர். 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றார். உள்ளூர்க்காரர்களே குருக்களாக வேண்டும் என்று பாடுபட்டவர். ஆனால் சாதியையும் சடங்கையும் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு அவர் மனசாட்சிக்கு ஒத்த விடை கிடைக்கவேயில்லை. பதவியைத் துறந்து ஊர் திரும்பினார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி, 1859-இல் சியரா லியோனுக்குப் போன சில வாரங்களிலேயே ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். சாதிக் கேள்வியை அவர் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடவில்லை. அது இங்கேயே இருந்தது.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

தவக்காலத்தில் பங்குச் சாமியாரிடம் அதிகம் கேட்கப்படும் இறையியல் கேள்வி மூவொரு கடவுளைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்தால் தவறு. 'ஏனுங்க சாமி, முட்டை சைவமுங்களா, அசைவமுங்களா?' இதுதான் கேள்வி. சட்டப்படி பதில் எளிது. திருத்தந்தை 6-ஆம் பவுல் 1966 பிப்ரவரி 17 அன்று வெளியிட்ட 'பேனித்தேமினி' ஆணை மாமிசத்தை மட்டும் விலக்குகிறது. முட்டைக்கும் பாலுக்கும் தடையில்லை. மீன் அந்தக் கணக்கில் மாமிசமாக வருவதில்லை. பதினான்கு வயது முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் தவிர்க்க வேண்டும். ஒருசந்தி வருடத்துக்கு இரண்டே நாள்தான்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அதுவும் இன்றைய சட்டத்தில் பதினெட்டு முதல் ஐம்பத்தொன்பது வயது வரைக்கும்தான். ஒரு வேளை வயிறார, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக என்பது இன்றைய விளக்கம். முட்டைக்கே தடை இருந்த நூற்றாண்டுகளும் ஐரோப்பாவில் உண்டு. ஈஸ்டர் முட்டை அந்தத் தடையின் மிச்சம்.

இதை அப்படியே சொன்னால் கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். வீட்டில் போய் முட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். ஏனென்றால் ரோமின் கோடு ஆட்டுக்கும் மீனுக்கும் நடுவே ஓடுகிறது. தமிழ் அடுப்படியின் கோடு சைவத்துக்கும் கவுச்சிக்கும் நடுவே ஓடுகிறது. கடலையே பார்க்காத கொங்கு மண்ணில் வெள்ளிக்கிழமை நெத்திலி வறுத்துவிட்டு 'நான் சுத்தபோசனம்' என்று சொன்னால் மாமியாரே நம்பமாட்டார். 'சுத்தம்' என்ற சொல்லே அதற்கு இடம் கொடுக்காது. தடுக்கிற சட்டம் இல்லாமலே மீனும் முட்டையும் விலகிப்போயின.

எனக்குத் தெரிந்த வீடுகளில் இது வெள்ளிக்கிழமையோடு நிற்பதுமில்லை. சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை கறி கிடையாது என்று வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். காலண்டரில் எண்ணினால் அது நாற்பத்தாறு நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால்தான் நாற்பது வரும். ஆண்டவர் உயிர்த்த நாளில் நோன்பு இல்லை என்பது பழைய முறை. அந்தச் சலுகையையும் இவர்கள் வாங்கிக்கொள்வதில்லை. ஞாயிறு காலை பூசை முடிந்து கறிக்கடையைக் கடந்து வீட்டுக்குப் போய்த் தக்காளிக் குழம்பு வைப்பதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. மதுரையில் ராபர்ட் தெ நொபிலி ஒரு நாளைக்கு ஒரே வேளை, அரிசியும் பாலும் காய்கறியுமாகச் சாப்பிட்டு வாழ்ந்தது நானூறு வருடத்துக்கு முன்பு. கறி தின்னும் சந்நியாசியை இந்த நாட்டில் எவரும் சந்நியாசியாக மதிக்கமாட்டார்கள் என்று அவர் புரிந்துகொண்டதை, அதற்கும் முன்பிருந்தே இந்த மண்ணின் அடுப்படிகள் அறிந்திருந்தன.

சட்டம் இவ்வளவு தளர்ந்துவிட்டதே என்று வருத்தப்படும் பெரியவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. கட்டளை சில நாளாகச் சுருங்கிய பிறகும் நாற்பத்தாறு நாள் இருப்பவர், இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்து இருப்பவர். தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது. கறிக்குப் பதில் பனீர், காளான், நெய்ச் சோறு என்று இலை நிறைந்தால் செலவு கூடத்தான் செய்யும். மிச்சம் பிடித்து ஏழைக்குப் போட என்ன இருக்கும்? ஒறுத்தலில் மிஞ்சிய காசைத் தனி உண்டியலில் சேர்த்துக் கோயிலில் கொடுக்கும் வழக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. அந்த உண்டியலைக் குலுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், எந்த வீட்டில் பனீர் வெந்தது என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள் சிலுவைப்பாதைக்கு உரியவை. இயேசு தீர்ப்பிடப்படுவதிலிருந்து அடக்கம் வரை பதினான்கு தலங்கள். அந்த எண்ணிக்கையை நிலைநிறுத்தியவர் 12-ஆம் கிளமெண்ட், 1731-இல். ஒவ்வொரு வெள்ளியும் ஓர் அன்பியத்தின், அதாவது பங்கின் ஒரு சிறு குழுவின், முறை. முழங்காலிட்டு, எழுந்து, நடந்து, மறுபடி முழங்காலிட வேண்டும். எழுபது வயதுக்காரர்கள் சளைக்காமல் செய்வார்கள். இளவட்டங்கள் ஏழாவது தலத்தில் செல்போனைப் பார்ப்பார்கள். மில் ஷிப்டுக்கும் பனியன் கம்பெனி நேரத்துக்கும் கட்டுப்பட்ட ஊர்களில் எத்தனை மணிக்கு வைப்பது என்பதே பெரிய பஞ்சாயத்து. இதே மாதங்களில்தான் மேற்கே வெள்ளியங்கிரி ஏழு மலையை மூங்கில் தடியூன்றி வெறுங்காலில் ஏறுகிறார்கள். கத்தோலிக்கர்களில் சிலர் கணவாய் தாண்டி, தோளில் மரச்சிலுவையோடு மலையாற்றூர் மலை ஏறப்போவார்கள். மாசி, பங்குனி வெயிலில் கல்லுச் சூடு இரண்டு மலையிலும் ஒன்றுதான்.

கோயிலுக்குள் பூ இல்லை, அல்லேலூயா இல்லை, பீடத்தில் ஊதாத் துணி. கல்யாணம் வைக்கமாட்டார்கள். கடைசி வாரத்தில்தான் பச்சை எட்டிப் பார்க்கும். குருத்தோலை ஞாயிறுக்கு ஒலிவக் கிளை கிடைக்காத வடக்கு ஐரோப்பியர்கள் வேறு மரக் கிளைகளை வெட்டிக்கொண்டார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. பொள்ளாச்சியிலிருந்து கோவை வரை தென்னைதான். கல்யாணப் பந்தலுக்கும் அம்மன் கோயிலுக்கும் தோரணம் கட்டுகிற அதே குருத்து. கிழிக்கிற விதம் மட்டும் வேறு: பிள்ளைகள் கையில் அது சிலுவையாகும், கொஞ்சம் கண் அசந்தால் கிளியும் கைக்கடிகாரமும் ஆகும். வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்படும். எரித்துச் சாம்பலாக்க, அடுத்த வருடச் சாம்பல் புதனுக்கான ஓலை அங்கே காயத் தொடங்கும்.

பெரிய வியாழன் இரவோடு மணி நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். பல பங்குகளில் அன்றைக்குக் கஞ்சி. சீரோ மலபார் வீடுகளில் வியாழன் இரவே குடும்பத் தலைவர் புளிக்காத பெசகா அப்பத்தைப் பிட்டுக் கொடுத்திருப்பார். சனி நள்ளிரவில் புதுத் தீ மூட்டி, பாஸ்கா மெழுகுதிரி ஏற்றி, இரண்டு நாள் ஊமையாக இருந்த மணி அத்தனையும் ஒன்றாக அடிக்கும்போது தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகள் அலறி எழுந்து அழும்.

விடிந்தால் கறிக்கடையில் வரிசை. நாற்பத்தாறு நாளாகக் காணாத முகங்களைப் பார்த்த கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்பார்:

"ஏனுங்க, இன்னைக்கு உங்க நோம்பிங்களா?"