ஆற்றின் பெயர் கொண்ட அம்மையார்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பாடசாலைத் தமிழ் மன்றத்தில் அறிவியற் பெண்மணி ஒருவரைப் பற்றிப் பேசும் பொறுப்பு அவளுக்கு வாய்த்திருந்தது. மற்றவர் எல்லாரும் கியூரி அம்மையாரைப் பற்றியே பேசப்போவதால், தான் வேறொருவரைப் பற்றிப் பேச விரும்புவதாகச் சொன்னாள்.

எனக்கு உடனே என் பழைய ஆசிரியர் நினைவுக்கு வந்தார். பாஞ்சாலி சபதத்தை எமக்குக் கற்பித்துக்கொண்டிருந்த அவர், ஒருநாள் பாடத்தை இடையில் நிறுத்தி, "வடநாட்டில் ஒரு பெண்மணி இருந்தார். ஓர் ஆற்றின் பெயர் அவருக்கு. ஜேர்மனிக்குப் போய் மண்டையோடுகளை அளந்து பட்டம் பெற்றார். திரும்பி வந்து திரௌபதியைப் பற்றி எழுதினார். மோட்டார் சைக்கிளில் ஊரெல்லாம் போய்வந்தார்" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. பெண்ணொருவர் மோட்டார் சைக்கிளில் ஏறியதே எமக்கு வேடிக்கையாயிருந்தது. அவர் பெயரைச் சொல்லாமல் விட்டாரோ, எங்கள் சிரிப்பொலியில் அது மூழ்கிப்போயிற்றோ, அறியேன்.

நினைவிலிருந்த இவ்வளவையும் மாணவியிடம் கூறினேன். அவள் சற்று யோசித்து, "மண்டையோட்டை அளந்து இன்னார் உயர்ந்தவர், இன்னார் தாழ்ந்தவர் என்று சொன்னவர்கள்தானே அக்காலத்து ஜேர்மனியில் இருந்தார்கள், ஐயா? இந்த அம்மாவும் அவர்களுள் ஒருவரோ?" என்று கேட்டாள்.

விடை கூற என்னால் இயலவில்லை. பெயர் தெரியாதது ஒரு குறைதான். ஆனால், ஒருவரை மேடையிற் புகழுமாறு பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அவர் புகழத் தக்கவரா என்பதே தெரியாதிருப்பது பெருங்குறையன்றோ! ஆகவே, அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

மனித உடலையும் எலும்பையும் அளந்து ஆராயும் துறையைப் பௌதிக மானிடவியல் என்பர். இந்தியாவில் அத்துறையின் முன்னோடி யார் என்று நூல்களைப் புரட்டியபோது, முதலில் எதிர்ப்பட்ட பெயர் பிரஜா சங்கர் குகா என்பது. 1924ஆம் ஆண்டிலேயே ஹார்வர்ட் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பின்னர் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். ஆனால் அவர் ஆண், கற்றதும் அமெரிக்காவில். அடுத்து, ஆறுகளின் பெயரை வைத்துத் தேடினேன். கங்கை, யமுனை, கோதாவரி, நருமதை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் பயனில்லை.

முடிவிற் கைகொடுத்தவள் திரௌபதியே. பாரதக் கதைமாந்தரைப் பற்றி மராத்தியில் எழுதப்பெற்று 1967இல் வெளிவந்து, சாகித்திய அக்காதெமி விருதும் பெற்ற 'யுகாந்த' என்னும் நூல் கண்ணிற் பட்டது. ஆசிரியர் பெயர் இராவதி கார்வே. ஆறு இந்திய ஆறன்று, பர்மாவின் ஐராவதி! 1905ஆம் ஆண்டு பர்மாவின் மியின்ஜான் நகரிற் பிறந்த குழந்தைக்கு, அந்நாட்டுப் பேராற்றின் பெயரையே பெற்றோர் சூட்டினர். தந்தையார் அங்கே பருத்திக் கம்பனியொன்றிற் பணிபுரிந்தவர். ஏழு வயதளவிற் படிப்பதற்காகப் புனாவுக்கு அனுப்பப்பட்ட சிறுமி, அவ்வூரிலேயே வளர்ந்தாள்.

பெயர் கிடைத்துவிட்டது. மாணவியின் வினா அப்படியே நின்றது.

இராவதி மணந்துகொண்டவர் இரசாயன ஆசிரியரான தினகர் கார்வே. மாமனார் தோண்டோ கேசவ கார்வேயோ விதவைகளின் மறுமணத்துக்காகப் போராடியவர். 1916இற் பெண்களுக்கெனச் சர்வகலாசாலை நிறுவியவர். அத்தகையவரே தம் மருமகள் மேற்படிப்புக்காகக் கடல்கடந்து செல்வதை விரும்பவில்லை என்பது வியப்புக்குரியது. எனினும் கணவர் துணைநிற்க, 1928இல் இராவதி பேர்லின் நகரை அடைந்தார்.

அங்கே அவர் சேர்ந்த மானிடவியல் நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டில் நிறுவப்பட்டது. மனித மரபுரிமையும் இனமேம்பாடும் அதன் ஆய்வுப் பொருள்கள். தலைவர் ஒய்கன் பிஷர். நம் மண்டையோட்டின் வலப்பாதியும் இடப்பாதியும் முற்றும் ஒத்திருப்பதில்லை. இவ்வேறுபாடு ஐரோப்பியரிடத்தே மிகுந்திருக்கும் என்றும், அதற்கும் அவர்தம் அறிவு மேம்பாட்டுக்கும் தொடர்புண்டு என்றும் பிஷர் கருதினார். அதனை அளந்து ஆராயும் பணியே இந்திய மாணவியிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் 149 மண்டையோடுகளை அளந்தார். ஐரோப்பியருடையனவும் பிற மக்களுடையனவும் அவற்றுள் இருந்தன. அளந்து கண்ட முடிவு ஆசிரியர் எதிர்பார்த்ததற்கு மாறானது. அவ்வேறுபாடு எல்லா மக்களிடத்தும் உண்டு. அதற்கும் இனத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. தம் ஆய்வேட்டின் தலைப்பிலேயே அச்சமச்சீரின்மையை 'இயல்பானது' என்று அவர் குறித்திருந்தார்.

அவர் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். அடிமைநாட்டிலிருந்து சென்ற இளம்பெண். பட்டம் தரவேண்டியவரோ அக்கருத்துக்கு உரியவர். அளவுகளைச் சிறிது வளைத்திருந்தால் ஆசிரியர் மகிழ்ந்திருப்பார். இராவதி அதனைச் செய்யவில்லை. பட்டம் கிடைத்தது, பிஷர் வழங்கிய மதிப்பெண் மட்டும் குறைந்ததாயிருந்தது. 1930இல் அவர் தாயகம் திரும்பினார். மூன்றாண்டுகளின் பின் பிஷர் பேர்லின் சர்வகலாசாலையின் தலைவரானார். அவருடைய நிறுவனம் நாஜிகளின் இனக்கொள்கைக்கு அறிவியல் வேடம் பூட்டும் இடமாயிற்று.

நிற்க. அம்மையாரின் வாழ்க்கை அங்கே முடிந்துவிடவில்லை. 1939இல் புனா தக்காணக் கல்லூரியிற் சேர்ந்தார். தொல்பொருளறிஞர் சங்காலியாவுடன் 1944இற் குஜராத்தின் லங்நாஜில் அகழ்ந்து, கற்கால மனிதரின் எலும்புகளை ஆராய்ந்தார். இந்திய உறவுமுறைகளைப் பற்றி 1953இல் வெளிவந்த அவரது நூல் நமக்கும் அயலானதன்று. வடக்கே மணப்பெண் முன்பின் அறியாத வீட்டிற் புகுவதையும், தெற்கே மாமன் மகளாய் உறவினரிடையே வாழ்வதையும் அது ஒப்பிட்டு விளக்குகின்றது.

ஒன்றை மறைக்கலாகாது. பேர்லினிற் பழகிய அளவுகருவியை அவர் கைவிடவில்லை. மகாராட்டிரத்துச் சாதியினரின் உடலளவுகளைப் பல்லாண்டுகள் திரட்டினார். மரபணு ஆய்வு வளர்ந்துவிட்ட இந்நாளில் அம்முறை பழமைப்பட்டுவிட்டது. மக்களை அவ்வாறு கூறுபோட்டு அளப்பதே நமக்கு உறுத்தலாகவும் தோன்றுகின்றது. ஆயினும், எவர் உயர்ந்தவர் என்று காண அவர் அளக்கவில்லை. எவரோடு எவர் கலந்தனர் என்பதையே தேடினார். ஒரே பெயரால் வழங்கும் சாதியினர் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவரல்லர், வெவ்வேறு கூட்டத்தார் ஒரு பெயரின்கீழ் வந்தவர் என்பது அவர் கண்ட முடிவு. பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் அடியவரோடு தாமும் நடந்தவர் அவர். பாட்டில் ஒன்றான அடியவர் உணவில் மட்டும் சாதிவாரியாகப் பிரிந்திருந்ததை வருத்தத்தோடு எழுதினார். 1970இல் மறைவதற்கு முந்திய ஆண்டிலும், கொய்னா அணையால் வீடிழந்த மக்களைப் பற்றிய அவரது ஆய்வு வெளிவந்தது.

'யுகாந்த'வும் இந்தக் கண்ணால் எழுதப்பட்டதே. பீஷ்மரையும் காந்தாரியையும் திரௌபதியையும் தெய்வங்களாக உயர்த்தாமல், தம் காலச் சமுதாயத்திற் சிக்கி வாழ்ந்த மனிதராகவே அது நோக்குகின்றது. என் ஆசிரியர் பாஞ்சாலியின் கதை நடுவே அவரை ஏன் நினைத்தார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகின்றது. சபையிலே பெரியோர் முன் நின்று வினாத் தொடுத்தவளின் கதையன்றோ அது! நாங்களோ மோட்டார் சைக்கிளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். அதுவும் தவறு, அவர் ஓட்டியது ஸ்கூட்டர். புனாவில் முதன்முதல் ஸ்கூட்டர் ஓட்டிய பெண் அவரே என்பர்.

இவற்றையெல்லாம் எழுதி மாணவியிடம் கொடுத்தேன். வாசித்து முடித்தவளிடம், "ஸ்கூட்டர் கதையை விட்டுவிடு, பிள்ளை, சபை சிரித்துவிடும்" என்றேன்.

"விடமாட்டேன், ஐயா. அதைக் கடைசியிற் சொல்கிறேன். அந்த 149 மண்டையோட்டையும் கேட்டபிறகு எவரும் சிரிக்கமாட்டார்கள்" என்றாள்.