கோபத்தில் சொன்ன சொல்!

பிள்ளைகளே! “கோபத்திலே ஏதோ சொல்லிட்டேன்” என்று சொல்லாதவர் நம்மில் யாராவது உண்டா? 1170ஆம் ஆண்டு ஓர் அரசரும் அப்படித்தான் கோபத்தில் கத்தினார். அதைக் கேட்ட நான்கு பேர் வாளோடு புறப்பட்டு விட்டார்கள்!

அந்த அரசர் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி. 1154இல் முடிசூடியபோது அவருக்கு வயது 21. அவருடைய சான்சலர், அதாவது அரச முத்திரையைக் கையில் வைத்திருக்கும் பெரிய அதிகாரி, தாமஸ் பெக்கெட். லண்டன் வணிகர் ஒருவரின் மகன். இருவரும் அப்படியொரு சிநேகிதம்! ஒரு குளிர்காலத்தில் இருவரும் குதிரையில் போகும்போது, கந்தலுடுத்திய ஏழைக் கிழவர் ஒருவர் எதிரே வந்தார். “இவருக்கு ஒரு போர்வை கொடுத்தால் புண்ணியம்தானே?” என்றாராம் அரசர். “ஆமாம்” என்றார் பெக்கெட். உடனே அரசர் பெக்கெட்டின் விலையுயர்ந்த மேலங்கியைப் பிடித்து இழுக்க, நடுத்தெருவில் இருவருக்கும் இழுபறி! கடைசியில் அங்கி கிழவருக்குப் போனது. பெக்கெட்டிடம் வேலை பார்த்தவர் எழுதி வைத்த சம்பவம் இது.

கிறிஸ்தவத் திருச்சபையில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த பதவி, கேன்டர்பரி நகரப் பேராயர் பதவி. 1161இல் அது காலியானது. ‘நம் நண்பரை உட்கார வைத்தால் திருச்சபையும் நம் சொல்படி நடக்கும்’ என்று கணக்குப் போட்டார் ஹென்றி. கணக்கு தப்பிவிட்டது! பேராயர் ஆனதும் பெக்கெட் சான்சலர் பதவியை விட்டுவிட்டார். திருச்சபையின் உரிமைக்காக அரசரையே எதிர்த்து நின்றார்.

எதற்காகச் சண்டை? அந்தக் காலத்தில் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் திருடினாலும், கொலையே செய்தாலும், திருச்சபை நீதிமன்றம்தான் விசாரிக்கும். அங்கே மரண தண்டனை கிடையாது. “குற்றம் நிரூபணமானால் பதவியைப் பறித்து என்னிடம் அனுப்புங்கள், தண்டனையை நான் கொடுக்கிறேன்” என்றார் அரசர். “ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா?” என்றார் பெக்கெட்.

நீங்கள் யார் பக்கம்? அவசரப்படாமல் யோசியுங்கள். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எல்லா நீதிமன்றமும் அரசர் கைக்குப் போய்விட்டால், அரசரே தவறு செய்யும்போது தட்டிக் கேட்பது யார்? எனக்கு இன்றுவரை இதில் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

1164இல் அரசர் தம் கோரிக்கைகளை 16 பிரிவுகளாக எழுதி நீட்டினார். பெக்கெட் முதலில் சம்மதித்துவிட்டு, பிறகு மனம் வருந்திப் பின்வாங்கினார். அதே ஆண்டு பிரான்சுக்குத் தப்பியோடி, ஆறு ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

1170இல் ஒருவழியாகச் சமாதானம் ஏற்பட்டு, டிசம்பரில் ஊர் திரும்பினார். அதற்குள் இன்னொரு வம்பு! அரசரின் மகனுக்கு முடிசூட்டும் உரிமை கேன்டர்பரிப் பேராயருடையது. அவர் இல்லாத நேரத்தில் யார்க் நகரப் பேராயர் அதைச் செய்து முடித்திருந்தார். அவர்மீதும் உடனிருந்த ஆயர்கள்மீதும் பெக்கெட் நடவடிக்கை எடுத்தார். அவர்கள் கடல் கடந்து நார்மண்டிக்குப் போய் ஹென்றியிடம் முறையிட்டார்கள். அப்போதுதான் அரசர் கொதித்துப் போய்க் கத்தினார். ‘இவரை அடக்க என்னிடம் ஆளே இல்லையா’ என்ற பொருளில் ஏதோ சொன்னார். சரியாக எந்த வார்த்தை என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

டிசம்பர் 29, மாலை நேரம். நான்கு வீரர்கள் கேன்டர்பரிக்கு வந்து பெக்கெட்டோடு வாக்குவாதம் செய்துவிட்டு, ஆயுதம் எடுக்க வெளியே போனார்கள். துறவிகள் பெக்கெட்டைப் பேராலயத்துக்குள் இழுத்து வந்து கதவைத் தாழிடப் பார்த்தார்கள். ஆலயத்தைக் கோட்டையாக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார் அவர். வாளோடு வீரர்கள் நுழைந்ததும் பெரும்பாலோர் ஓடி ஒளிந்தார்கள். எட்வர்ட் கிரிம் என்பவர் மட்டும் கடைசிவரை பெக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனைக்கும் அவர் சில நாள்களுக்கு முன்பு வந்த விருந்தாளி! வாள்வெட்டு அவர் கையில் விழுந்தது. அவர் பிழைத்தார், பெக்கெட் பிழைக்கவில்லை. பின்னாளில் பெக்கெட்டின் வாழ்க்கையை எழுதியவர்களில் கிரிம்மும் ஒருவர்.

ஐரோப்பாவே அதிர்ந்தது. 1173இல் பாப்பரசர் பெக்கெட்டைப் புனிதர் என்று அறிவித்தார். 1174 ஜூலையில் ஹென்றி கேன்டர்பரித் தெருக்களில் வெறுங்காலோடு நடந்து, நண்பரின் கல்லறைமுன் மண்டியிட்டு, துறவிகளிடம் கசையடி வாங்கிக்கொண்டார். அரசருக்கு அடி!

கொன்ற நால்வரில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. திருச்சபையினருக்குக் கிடைத்த தனிச் சலுகையும் நீடித்தது. நூற்றாண்டுகள் போகப்போக உருமாறித் தேய்ந்து, 1827இல்தான் இங்கிலாந்தில் அது ஒழிந்தது.

பெக்கெட் விழுந்த இடத்தில் இப்போது சுவரில் ஒரு சிற்பம் இருக்கிறது. அதில் வாள்கள் இரண்டுதான். சுவரில் விழும் நிழலையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்... நான்கு!