ஒரு தரப்பை மட்டும் கேட்கும் ஆலோசகர்

மறுமணம் செய்துகொண்டு போன வீட்டில் ஒரு மனவருத்தம் என்றால் யாரிடம் சொல்வது? பிறந்த வீட்டில் சொன்னால் ‘அப்பவே சொன்னோமே’ என்பார்கள். மாமியாரிடம் சொன்னால் பேச்சு மூத்த தாரத்தில் போய் நிற்கும். கணவரிடம் சொன்னால் பிள்ளைமேல் கோள் சொன்னதாக ஆகிவிடும். அதனால் எல்லோரும் தூங்கியபின் சாட்ஜிபிடியைத் திறந்து மனதில் இருப்பதைக் கொட்டுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குறுக்கே பேசாமல் கேட்க ஒரு ஆள் கிடைப்பது இந்த வீடுகளில் அபூர்வம்.

சிக்கல், அது உங்கள் தரப்பை மட்டுமே கேட்கிறது என்பதில் இருக்கிறது. ஒரே சண்டையை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள். முதலில் இப்படி: “என் கணவரின் 13 வயது மகள் நான் சமைத்ததைத் தொடுவதில்லை. பேசப் போனால் கதவைச் சாத்துகிறாள்.” வீட்டில் விதிகளை வகுங்கள், மரியாதையை எதிர்பார்ப்பது உங்கள் உரிமை என்கிற ரீதியில் பதில் வரலாம். பிறகு புதிதாக இப்படி: “எனக்கு 13 வயது. அம்மா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அப்பா கல்யாணம் செய்துகொண்டு கூட்டி வந்தவர், அம்மாவின் சேலைகளைப் பீரோவிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.” இப்போது அதே செயலி அந்தப் பெண்ணின் துக்கத்தின் பக்கம் நிற்கும். இரண்டு பதில்களும் தவறில்லை. ஆனால் முதல் கேள்வியில் பரணும் சேலையும் இல்லவே இல்லை. கேட்டவருக்கே அது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது.

இத்துடன் ஆமாம் போடும் குணமும் சேர்ந்துகொள்கிறது. சொல்வதற்கெல்லாம் அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று சாட்ஜிபிடியை இயக்கும் ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பை, அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. கோபத்தில் இருப்பவருக்கு ‘நீங்கள் சொல்வது சரிதான்’ என்ற சொல் எவ்வளவு இனிக்கும்! காலையில் அந்தத் தெம்போடு எழுந்து அவர் கண்டிக்கப்போவது ஒரு குழந்தையை.

இத்தகைய மறுமணக் குடும்பங்களோடு பல்லாண்டுகள் பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் பாட்ரீசியா பேப்பர்நவ் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்: கண்டிக்கும் பொறுப்பு பெற்றவரிடமே இருக்கட்டும், புதிதாக வந்தவர் முதலில் நெருக்கத்தைத் தேடட்டும். குடும்பம் ஒட்டுவதற்கு மாதங்கள் போதாது, வருஷங்கள் ஆகும் என்பதும் அவர் சொன்னதுதான்.

சொத்து விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லாமல் கேட்டால் அமெரிக்க நடைமுறை கலந்து வரக்கூடும். இங்கே இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மாற்றாந்தாயின் சொத்தில் மூத்த தாரத்துப் பிள்ளை ‘மகன்’ என்ற முறையில் பங்கு கேட்க முடியாது. கணவரின் வாரிசு என்ற பின்வரிசையில்தான் வரமுடியும். 1987இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உயில் எழுதவோ தத்தெடுக்கவோ நினைப்பவர்கள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அந்தரங்கமும் ஒரு கவலை. மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுவதற்குள்ள சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடியுடன் பேசுவதற்கு இல்லை என்று 2025 ஜூலையில் ஓப்பன்ஏஐயின் தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மனே ஒப்புக்கொண்டார். பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் அங்கே எழுதவேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகும் இந்தக் கருவி பயன்படும் என்றே நம்புகிறேன். கணவரிடம் சொல்லவேண்டியதைக் காரமில்லாமல் எழுதித் தரக் கேளுங்கள். பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் நான் எங்கே தவறியிருப்பேன் என்று கேளுங்கள். நியாயம் யார் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டில் பிள்ளை அடிபடுகிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.