இல்லாத பாகத்தைப் படிப்பது

கோவிலம்பாக்கத்துக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அருகிலேயே நாராயணபுரம் ஏரி, கீழ்க்கட்டளை ஏரி. கடலும் அதிக தூரமில்லை. இங்கே ஒரு வீட்டுப் பரணில் 1990 வாக்கில் வாங்கிய 386 கணினி கிடக்கிறது என்று வையுங்கள். அதன் மதர்போர்டைத் தின்னும் முதல் எதிரி வெளியிலிருந்து வருவதில்லை. போர்டிலேயே பற்றவைத்த, சிறு பீப்பாய் போன்ற 3.6 வோல்ட் பேட்டரிதான் அது.

தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைக்க அன்றைய தயாரிப்பாளர்கள் நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்தார்கள். அதனுள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அடைப்பு முதுமையடைந்ததும் அது கசியும். காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரையும் குணம் அதற்கு உண்டு. அதனால் நம் ஊர்க் காற்றில் அது காய்ந்து அடங்காமல், செம்புத் தடங்களின் மேல் மெல்ல ஊர்ந்துகொண்டே போகும். செம்பு பச்சையும் நீலமுமாகப் பூக்கும்; போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் தடம் கறுக்கும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது நனைந்த போர்டுகூட, மின்சாரம் தராமல் உடனே கழுவிக் காயவைத்திருந்தால் பிழைத்திருக்கலாம். பேட்டரி கசிந்ததைக் கவனிக்காமல் விட்ட போர்டுக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு.

கழுவுவது பள்ளி வேதியியல். கசிந்தது காரம், எனவே வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. நுரைத்து அடங்கியதும் வாலை வடிநீர், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பிறகு நன்றாக உலர்த்தல். அறுந்த தடங்களை மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தால் தேடி, மெல்லிய கம்பியால் பாலம் போட வேண்டும். பொறுமை போதும், மேதைமை தேவையில்லை.

மேதைமை தேவைப்படுவது பாகமே காணாமல் போன இடத்தில். அரிப்பில் கால் உதிர்ந்து விழுந்தவை உண்டு. வேறொரு போர்டுக்காக யாரோ பிடுங்கிக்கொண்டவை உண்டு. பீங்கான் உறையில் தங்கப்பூச்சு இருந்ததால் பழைய இரும்புக் கடை வழியே போய்விட்ட ப்ராசஸர்களும் உண்டு. மிஞ்சுவது இரண்டு துளையும் ஓர் எழுத்தும். ஆர் என்றால் ரெசிஸ்டர், சி என்றால் கப்பாசிட்டர், யு என்றால் ஐசி, ஒய் என்றால் படிகம். மதிப்பு பல நேரம் எழுதியிருக்காது. ஆனால் குறுக்கெழுத்துப் புதிரில் நடப்பதுபோல, சுற்றியிருப்பவை விடையைக் காட்டிக் கொடுக்கும். ஓர் ஐசியின் பக்கத்தில் மின்வழிக்கும் தரைக்கும் இடையே ஒரு சிறு கப்பாசிட்டர் இடம் காலியாக இருந்தால் அது பெரும்பாலும் 0.1 மைக்ரோஃபாரட், ஒன்றிரண்டு இல்லாவிட்டாலும் கணினி பெரும்பாலும் ஓடிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது படிகம். கடிகார ஐசிக்குப் பக்கத்தில் காணாமல் போன படிகத்தின் அதிர்வெண்ணைத் தேடவே வேண்டாம்: 32,768 ஹெர்ட்ஸ். ஒன்றை இரண்டால் பதினைந்து முறை பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண் அது; அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு. இன்னொரு படிகம் காணவில்லையா? அது 14.31818 மெகாஹெர்ட்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த விநோத எண்ணை நான்கால் வகுத்தால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் வண்ண அதிர்வெண்ணான 3.579545 வரும். 1981-ல் வெளிவந்த தன் முதல் பிசியை ஐபிஎம் வடிவமைத்தபோது, அந்தத் தொலைக்காட்சித் திரையிலும் படம் காட்ட வசதியாக அதே படிகத்தை எடுத்துக்கொண்டது. மூன்றால் வகுத்து 4.77 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். பன்னிரண்டால் வகுத்து நேரம் எண்ணும் டைமர். ப்ராசஸர் பின்னால் வேகமானது, டைமர் மாறவில்லை. ஆக, பிஏஎல் முறையில் தொலைக்காட்சி பார்த்த நம் நாட்டில் விற்ற பிசிகளின் வயிற்றிலும் அமெரிக்க வண்ணம் துடித்துக்கொண்டிருந்தது.

இத்தனையும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் என்ற தொடக்க நிரலையும் அச்சிட்டு விற்றதுதான். அந்தத் திறந்த வரைபடத்தைப் பார்த்தே உலகெங்கும் ஒத்த பிசிகள் முளைத்தன. எண்பதுகளில் சென்னையின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் விற்ற சிவா பிசி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாகங்களின் இடம் மாறலாம், வேலை மாறாது.

எல்லாம் பொருத்தியபின் அவசரப்பட்டு ஸ்விட்ச் போடக் கூடாது. ஐந்து வோல்ட் தடத்துக்கும் தரைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். சுழியத்தை ஒட்டி இருந்தால் எங்கோ ஷார்ட். முதல் சந்தேகம் டான்டலம் கப்பாசிட்டர்கள் மேல்; வயதானால் அவை ஷார்ட் ஆவதும் வெடிப்பதும் சகஜம். அப்படி ஒன்றைக் கழற்றி எறிந்த பிறகே உயிர் பெற்ற ஐபிஎம் பிசிகள் உண்டு. ஆக, காணாமல் போன எல்லாவற்றையும் திரும்ப வைத்தே தீர வேண்டியதில்லை.

இந்த வேலையில் விசித்திரம் ஒன்று: வயது கூடக்கூட எளிது. 1983-ன் ஐபிஎம் எக்ஸ்டி போர்டில் பெரும்பகுதி 74எல்எஸ் வரிசைப் பொதுச் சில்லுகள். இன்றும் சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம். எண்பதுகளின் நடுவில் சிப்ஸ் அண்ட் டெக்னாலஜிஸ் போன்ற நிறுவனங்கள் அவற்றில் பலவற்றைச் சில பெரிய சில்லுகளுக்குள் அடைத்துவிட்டன. விலை குறைந்தது, போர்டு சுருங்கியது; அந்தச் சில்லு போனால் அதே சில்லு உள்ள இன்னொரு செத்த போர்டைத் தேடுவதைத் தவிர பெரிதாக வழியில்லை. சில்லுக்கு உள்ளேயே இறங்கிப் பார்த்தவர்கள் உண்டு. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் தனிப்பயன் சில்லைக் கிறிஸ் ஸ்மித் ஆராய்ந்து, அதன் உள்சுற்றை 2010-ல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அதற்கு மாற்றுச் சில்லுகளை ஆர்வலர்கள் இன்று செய்கிறார்கள். 386 போர்டுக்காரர்கள் இன்னும் பழைய சாமான் கடைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.