கீமோவோடு சேர்த்து எதைச் செய்யலாம், எதை விடலாம்?

மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த வாரத்திலேயே சொந்தபந்தங்கள் பாட்டிலும் டப்பாவுமாக வந்துவிடுவார்கள். முள்சீத்தா இலைப் பொடி, கோதுமைப்புல் சாறு, பப்பாளி இலைச் சாறு, பெயர் எழுதாத ஒரு லேகியம். எல்லாம் பிரியத்தில் வருபவைதான். எல்லாவற்றுக்கும் காரணமும் ஒன்றே: "எதிர்ப்பு சக்தி கூடும்."

துணைச் சிகிச்சைகளில் உண்மையிலேயே பலன் தருபவை இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வாய்வழியாகப் போவதில்லை. உடம்பைக் கொண்டு செய்பவை.

'கவுன்ட்' இறங்கும் நாள்கள்

வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கீமோ மருந்து தாக்குகிறது. ரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்ட இடம் என்பதால் அதற்கும் அடி விழுகிறது. பல கீமோ முறைகளில், மருந்து ஏறிய 7 முதல் 14 நாள்களுக்குள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்து, அடுத்த சுற்றுக்குள் மீண்டும் ஏறும். "கவுன்ட் இறங்கியிருக்கு" என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். ஏற்றியே ஆகவேண்டும் என்றால் அதற்கு ஃபில்கிராஸ்டிம் போன்ற ஊசி இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் என்று நிரூபிக்கப்பட்ட கஷாயம் எதுவும் இல்லை.

அந்த நாள்களில் காப்பாற்றுபவை சாதாரண விஷயங்கள்: சோப்புப் போட்டுக் கை கழுவுவது, அப்போதே சமைத்த சூடான சாப்பாடு, கொதித்து ஆறிய தண்ணீர், மென்மையான பிரஷ், சளி பிடித்த விருந்தாளியை வாசலோடு அனுப்பும் துணிச்சல். காய்ச்சாமல் பிழிந்த பச்சைச் சாறு, எதிர்ப்பு சக்திக்கு என்ற பெயரில், கிருமி போகக் கூடாத நேரத்தில் உள்ளே போகிறது என்பதுதான் வேடிக்கை. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலைவரை பார்க்கலாம் என்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?"

நிறையச் செய்யும். முடி கொட்ட வைத்து, விரல் நுனியை மரத்துப்போக வைக்கும் பாக்லிடாக்செல், யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்ததுதான். வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்து நம் வீட்டு முன்னால் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. செடியிலிருந்து வந்தால் பக்க விளைவு இல்லை என்பவர்கள் இந்த இரண்டையும் நினைத்துப் பார்க்கலாம்.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். குழம்பில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்து விற்கும் குர்குமின் மாத்திரை வேறு சங்கதி. ஹார்மோன் சிகிச்சைக்குத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரை உடலுக்குள் எண்டாக்சிஃபென்னாக மாறித்தான் முக்கியமாக வேலை செய்கிறது. அந்த அளவை இந்தக் கூட்டு குறைப்பதாக நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அஸ்வகந்தா மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

கை கால் மரத்துப்போவதற்கு "நரம்புக்கு நல்லது" என்று விற்கும் அசிட்டைல்-எல்-கார்னிட்டினை 409 பெண்களிடம் சோதித்தார்கள். 2013-ல் வெளியான முடிவு: வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு மரத்துப்போவது அதிகமாகியிருந்தது.

இஞ்சிக்குக் கொஞ்சம் நல்ல பெயர் இருக்கிறது. குமட்டல் தடுப்பு மருந்தோடு சேர்த்து நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம்வரை எடுத்துக்கொண்டவர்களுக்கு, கீமோ ஏறிய முதல் நாள் குமட்டல் குறைந்ததாக 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பிளேட்லெட் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்டுவிட்டு எடுப்பதே நல்லது.

நடை, சுவர், யோகா

கீமோ சோர்வு தூங்கினால் போவதில்லை. படுத்தே கிடந்தால் கூடும், நடந்தால் குறையும். 2019-ல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது, வாரம் 3 நாள் 30 நிமிட மிதமான உடற்பயிற்சியும் வாரம் 2 நாள் தசைப் பயிற்சியும். முடியாதவர்கள் 5 நிமிடத்தில் தொடங்கலாம். மொட்டை மாடி போதும்.

அக்குளில் நெறிகளை எடுத்த பிறகு "அந்தக் கையால் குடத்தைக்கூடத் தூக்காதே" என்பது பழைய அறிவுரை. கை வீங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களுக்கு, வாரம் இரண்டு முறை, மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவில் வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவதும் குறைந்திருந்தது. அவர்கள் பயிற்சியின்போது அழுத்த உறை அணிந்திருந்தார்கள், மேற்பார்வையும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கும் முந்திய கட்டம் சுவர்ப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறி, கை எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். மறுநாள் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தோள் இறுகிப்போவதைத் தடுக்கச் செலவே இல்லாத வழி இது. எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் சர்ஜன் சொல்ல வேண்டும்.

யோகாவைப் பற்றி, பெங்களூரின் வியாசா யோகப் பல்கலைக்கழகமும் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையும் சேர்ந்து செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. கரண்ட் வைக்கும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை தரும், 6 வாரமும் யோகா செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்தது, அன்றாட வேலைகள் எளிதாயின. சும்மா கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கும் சோர்வு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் குனிந்து முறுக்கும் ஆசனங்கள் வேண்டாம்.

மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, உள்பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி இருக்கிறது. அதைச் சில நிமிடம் அழுத்தித் தேய்ப்பது குமட்டலுக்கு உதவலாம். ஹார்மோன் சிகிச்சைக்கான லெட்ரோசோல் வகை மாத்திரைகள் தரும் மூட்டு வலியை அக்குபங்சர் ஓரளவு குறைக்கிறது. அறுவை செய்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம், கவுன்ட் இறங்கிய நாள்களிலும் வேண்டாம்.

பதிலாக அல்ல, கூடவே

குணமாக்கக்கூடிய கட்டத்தில் இருந்தும் மருத்துவச் சிகிச்சையை விட்டு மாற்று முறையை மட்டும் நம்பிய நோயாளிகளைப் பற்றி யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் எழுதினார்கள். மார்பகப் புற்றுநோயில் அப்படிப் போனவர்களின் இறப்பு அபாயம் 5 மடங்குக்கும் மேல்.

சித்த மருத்துவரிடம் போவதை ஆன்காலஜிஸ்ட்டிடம் பலர் சொல்வதில்லை. திட்டுவார் என்ற பயம். திட்டுகிற டாக்டர்களுக்கும் இந்த மௌனத்தில் பங்கு உண்டு. அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாப் பொடியையும் மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜைமேல் வையுங்கள். சித்த மருத்துவரிடம் போனால் கீமோ மருந்துகளின் பட்டியலைக் காட்டுங்கள். அறுவைச் சிகிச்சை இருந்தால் சத்து மாத்திரைகளைப் பற்றி மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்ல வேண்டும். பொதுவாக இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத லேகியத்தை யாரிடமும் காட்டத் தேவையில்லை, கொட்டிவிடலாம்.