டென்னிஸ் மட்டைக்குப் போட்டியாக நான்கு மட்டைகள்!
மணிக் கணக்கில் வாடகை, எம்.கே.பி. நகர் பசங்க எங்கே ஆடுவது?

சென்னை நகரில் டென்னிஸ் மட்டைக்கு இப்போது பலத்த போட்டி. ஷட்டில், ஸ்குவாஷ் போதாது என்று பிக்கிள்பால், பேடல் என்று புதுசு புதுசாக ஆட்டங்கள் வந்து இறங்கிவிட்டன. செல்போனில் நேரம் குறித்து, பணம் கட்டி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிற கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது.

இந்த அலை தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில்தான் அடிக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். வியாசர்பாடியை ஒட்டிய மகாகவி பாரதி நகர், அதாவது நம்ம எம்.கே.பி. நகர் குறுக்குத் தெருக்களிலும் மாலை ஆனால் மட்டைச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் இங்கே ஆட்டக்காரர் இருக்கிறார். ஆட இடம் இல்லை!

கிருஷ்ணன் காலம்

டென்னிஸ் என்றால் சென்னை, சென்னை என்றால் டென்னிஸ் என்று ஒரு காலம் இருந்தது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரை இறுதி வரை போனார். அடுத்து விஜய் அமிர்தராஜ் வந்தார். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓபன் ஆடவர் போட்டி நடந்தது. பிறகு அது புனேவுக்குப் போய்விட்டது. 2022-ல் மகளிர் போட்டி நடந்தது.

ஆனால் வடசென்னைக்கு அந்த ஆட்டம் கடைசி வரை எட்டாக் கனிதான். காரணம் எளிது. டென்னிஸ் தளம் 78 அடி நீளம், இரட்டையருக்கு 36 அடி அகலம். சுற்றி ஓட இடமும் விட்டால் 120-க்கு 60 அடி வேண்டும். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பும், ஒண்டுக் குடித்தனமும் நெருக்கியடிக்கிற பேட்டையில் அத்தனை இடத்தை யார் தருவார்கள்?

அதனால் இந்தப் பக்கத்து மட்டை ஆட்டம் என்றால் அது பால் பேட்மிண்டன்தான். தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆட்டம். பக்கத்துக்கு ஐந்து பேர்; மஞ்சள் கம்பளி நூல் பந்து. பெரம்பூர் ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே அணிகள் இதில் பெயர் பெற்றவை. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் மண் தரையில் கோடு போட்டு ஆடினார்கள். வாடகை கிடையாது. வேடிக்கை பார்க்கவும் காசு கிடையாது.

கூரைக்குள் போன இறகுப் பந்து

பிறகு ஷட்டில் வந்து கம்பளிப் பந்தை ஓரம் கட்டியது. 1980-ல் பிரகாஷ் படுகோன், 2001-ல் கோபிசந்த் ஆகியோர் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார்கள். 2022-ல் இந்தியா தாமஸ் கோப்பையைத் தூக்கியது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழகத்து துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வாங்கி வந்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு ஷட்டில் மட்டை!

ஆனால் இதில் ஒரு சிக்கல். 16 இறகு வைத்த பந்தின் எடை 5 கிராம் அளவுதான். துறைமுகப் பக்கமிருந்து கடல் காற்று வீசினால் பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆகவே ஒழுங்காக ஆட வேண்டுமானால் நாலு சுவரும் கூரையும் தேவை. தகரக் கூரை ஷெட்டுகள் ஷட்டில் கோர்ட் ஆனது இப்படித்தான்.

கூரை வந்ததும் வாடகையும் வந்தது. மணிக்குச் சில நூறு ரூபாய். நாலு பேர் பங்கு போட்டாலும், மாசம் முழுக்க ஆடினால் ஒரு கூலித் தொழிலாளி வீட்டு மளிகைச் செலவில் கை வைக்கிற தொகை அது. போதாக்குறைக்கு சீனாவில் வாத்து இறகு தட்டுப்பாட்டால் பந்து விலையும் ஏறிவிட்டது. குறுக்குத் தெருவில் பிளாஸ்டிக் பந்தை வைத்துக்கொண்டு, வலை இல்லாமல், வண்டி வரும்போதெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி ஆடுகிற பசங்களின் கதை இதுதான்.

ஊறுகாய் அல்ல, ஆட்டம்!

பிக்கிள்பால் என்றதும் ஊறுகாய் ஞாபகம் வரும். இது ஆட்டம்தான். 1965-ல் அமெரிக்காவில் பெயின்பிரிட்ஜ் தீவில் விடுமுறைக்குப் போன இடத்தில், வீட்டில் கிடந்ததை வைத்து ஆரம்பித்தது. மட்டையில் நரம்பு கிடையாது, முழுப் பலகை. பந்து ஓட்டை போட்ட பிளாஸ்டிக். 2025-ல் மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்த ஆட்டத்துக்கு என்று ஒரு தேசிய சம்மேளனத்தை அங்கீகரித்தது.

பேடல் 1969-ல் மெக்சிகோவில் பிறந்தது. 20-க்கு 10 மீட்டர் தளம், சுற்றிலும் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கே ஏகப்பட்ட செலவு. அது இப்போதைக்கு வசதிக்காரர்கள் ஆட்டம்.

ஸ்குவாஷ் கதையும் அதேதான். 2025 டிசம்பரில் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூவில் நடந்த உலகக் கோப்பையை இந்தியா முதல் முறையாக வென்றது. வென்ற அணியில் ஜோஷ்னா சின்னப்பாவும் அபய் சிங்கும் சென்னைக்காரர்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் ஸ்குவாஷ் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் தளத்துக்கு நாலு சுவர் வேண்டுமே!

பிக்கிள்பால் அப்படியல்ல. அதன் தளம் 44-க்கு 20 அடி. அதாவது ஷட்டில் இரட்டையர் தளத்தின் அதே அளவு! வலையை நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்கி, கூடுதலாகச் சில கோடுகள் போட்டால் ஆட்டம் தயார். ஒரு டென்னிஸ் தளம் இருக்கும் இடத்தில் நாலு தளம் போடலாம். கூரை கட்டாயம் இல்லை. பந்து கனமானது, காற்றுக்கு இறகைவிடத் தாங்கும்.

கூரைக்குள் போய் வாடகைக்கு மாறிய மட்டை ஆட்டத்தை மறுபடி திறந்த வெளிக்குக் கொண்டு வரக்கூடியது இது. ஆனால் நகரில் இதற்குத்தான் இப்போது மணிக் கணக்கில் பணம் கேட்கிறார்கள். சத்தம் இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் பிக்கிள்பால் தளத்தின் 'டொக் டொக்' சத்தத்துக்காக அக்கம்பக்கத்தார் கோர்ட் படி ஏறிய வழக்குகள் உண்டு. ஜன்னலும் ஜன்னலும் உரசுகிற குடியிருப்புகளில் இதையும் யோசித்தாக வேண்டும்.

ரூ.120 விவகாரம்

மைதானத்துக்குக் கட்டணம் என்றதும் வடசென்னை ஏன் கொதிக்கிறது என்பதற்கு அண்மைய உதாரணம் உண்டு. 2024 அக்டோபர் இறுதியில், 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் தீர்மானம் உடனே வாபஸ் ஆனது. கால்பந்துக்குப் பேர் போன வியாசர்பாடிக்கு இது புரியாத கணக்கல்ல.

இடம் இல்லாத குறையிலும் இந்த மண் சும்மா இருந்துவிடவில்லை. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். தமிழக அரசு ரூ.1 கோடி கொடுத்தது. கேரத்துக்கு ஒரு பலகை போதும். மட்டை ஆட்டத்துக்கு அப்படியல்ல, தரை வேண்டும்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. மாநகராட்சி விளையாட்டுத் திடல்களில் ஏற்கனவே உள்ள ஷட்டில் தளங்களில் பிக்கிள்பால் கோட்டையும் சேர்த்துப் போடலாம். ஏற்றி இறக்கும் வலை ஒன்று, விளக்கு இரண்டு, தெருப் பசங்களுக்கு என்று மாலையில் இரண்டு மணி நேரம் இலவசம், இரவில் சத்தத்துக்கு ஒரு நேரக் கெடு. இவ்வளவுதான்.

பெயிண்டுக்கும் வலைக்கும் ஆகும் செலவு கொஞ்சம். அதை மாநகராட்சி செய்யத் தவறினால், புது மட்டையும் பழைய டென்னிஸ் மட்டை மாதிரியே பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும்.