டான்யூப் படகு விருந்தும் ஹங்கேரிய இசையும்

நம் சங்கத்து அன்பர்களில் ஐரோப்பாச் சுற்றுலா போய் வந்தவர்கள் இப்போது நிறையப் பேர். சிலரைப் பிள்ளைகள் அழைத்துப் போகிறார்கள், சிலரை டூர்க்காரர்கள் அழைத்துப் போகிறார்கள். பயணத்தில் புடாபெஸ்ட் நகரம் இருந்தால், "டான்யூப் நதியில் மாலைப் படகு விருந்து, ஹங்கேரிய இசைக் கச்சேரியுடன்" என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். போய் வந்தவர்களிடம் இசை எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு, பிடில்காரர் மேசைக்கே வந்து வாசிச்சார்" என்பார்கள். உடனே பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும்.

நானும் மகன் குடும்பத்தோடு ஒரு ஜூன் மாத மாலையில் அந்தப் படகில் ஏறியவன்தான். ஆனால் நாற்பது வருஷம் வியாபாரம் பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டை மேல் இருக்கும் மார்க்காவைப் படித்ததோடு விடமாட்டோம். பிரித்து, சரக்கைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஊர் திரும்பிய பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்து, "ஹங்கேரிய இசை" என்ற மார்க்காவையும் அப்படிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது என்ன, அதைச் சுமந்து வந்தவர்கள் யார் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறும் படகும்

டான்யூப் ஜெர்மனியின் கருங்காட்டில் பிறந்து, பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு, சுமார் 2850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. ஹங்கேரியர் அதைத் 'துனா' என்பார்கள். மேற்குக் கரையில் மலையும் கோட்டையுமாக புடா. கிழக்குக் கரையில் சமவெளியில் பெஸ்ட். இவ்விரண்டும் பழைய ஓபுடாவும் 1873இல் ஒன்று சேர்ந்துதான் புடாபெஸ்ட் ஆயிற்று. இரு கரையையும் நிரந்தரமாக இணைத்த முதல் பாலம் சங்கிலிப் பாலம், 1849இல் திறந்தார்கள். 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்த்தது. மீண்டும் கட்டி, சரியாக நூறாவது ஆண்டான 1949இல் திறந்தார்கள்.

விருந்துப் படகுகள் பெரும்பாலும் பெஸ்ட் கரையில் புறப்பட்டு, வடக்கே மார்கிட் தீவு வரை போய்த் திரும்பி, தெற்கே சில பாலங்களைத் தாண்டி வரும். 268 மீட்டர் நீளமுள்ள பாராளுமன்றக் கட்டடம் விளக்கொளியில் தண்ணீரில் தெரியும் காட்சிக்காகவே பலர் வருகிறார்கள். 2019 மே 29 இரவு, மார்கிட் பாலத்தருகே ஒரு சிறு உல்லாசப் படகு பெரிய கப்பல் மோதி மூழ்கி 28 பேர் மாண்டார்கள். ஆகவே ஏறியதும் உயிர்காப்பு உடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாடு விஷயம் ஒன்று. ஹங்கேரியச் சமையலில் பன்றிக் கொழுப்பு சகஜம். காய்கறிப் பண்டம் போலத் தெரிவதிலும் அது இருக்கலாம். ஆகவே டிக்கெட் வாங்கும்போதே சைவம் என்று அழுத்திச் சொல்லிவிட வேண்டும். பொழுது சாய்ந்த பின் உண்ணாத எங்களைப் போன்றவர்களுக்கு ஜூன் மாதம் பெரிய உபகாரம் செய்கிறது. அங்கே அப்போது சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகிவிடும். ஏழு மணிப் படகில் ஏறினால் வெளிச்சத்திலேயே சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம்.

குழுவின் அமைப்பு

குழுவின் தலைவர் முதல் வயலின்காரர். 'ப்ரீமாஷ்' என்று பெயர். அவருக்குப் பக்கபலமாக இன்னொரு வயலின் அல்லது வியோலா, ஆளுயர பாஸ் வாத்தியம், சில சமயம் கிளாரினெட், நடுவில் சிம்பலோம். இந்தச் சிம்பலோம் நம் காஷ்மீரத்துச் சந்தூருக்கு உறவுக்காரன். பல கம்பிகளை, நுனியில் பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் தட்டி வாசிப்பது. அதற்குக் காலும் மிதியும் வைத்துப் பெரிய கச்சேரி வாத்தியமாக்கியவர் புடாபெஸ்டில் வாத்தியங்கள் செய்த சுண்டா என்பவர், ஆண்டு 1874.

இந்தக் குழுவினர் பெரும்பாலும் காகிதம் பார்த்து வாசிப்பதில்லை. ப்ரீமாஷ் நினைத்த இடத்தில் நிறுத்துவார், இழுப்பார், ஓடுவார். மற்றவர்கள் அவருடைய வில்லையும் புருவத்தையும் பார்த்துப் பின்தொடர்வார்கள். கையாளும் முறையும் நமக்குப் புதிதல்ல. முதலில் அழுவது போல் விளம்ப காலம், அதற்கு 'லாஷ்ஷூ' என்று பெயர். பிறகு நாற்காலியை விட்டு எழுப்பும் துரித காலம், அது 'ஃப்ரிஷ்'. அழுதுகொண்டே கொண்டாடுபவன் ஹங்கேரியன் என்று அவர்களிடையே ஒரு பேச்சு வழக்கு உண்டு. படகில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதன் பொருள் விளங்கிவிடும்.

மார்க்காவும் சரக்கும்

இப்போது வாசிக்கும் உருப்படிகளைப் பார்ப்போம். பிராம்ஸின் ஹங்கேரிய நடனம் ஐந்தாம் எண் கட்டாயம் வரும். பிராம்ஸ் ஜெர்மானியர். அந்த மெட்டை நாட்டுப்பாடல் என்று நினைத்து அவர் எடுத்தாண்டார். உண்மையில் அது கேலர் பேலா என்பவர் இயற்றிய மெட்டு. அடுத்து 'சார்தாஷ்' என்ற புகழ்பெற்ற வயலின் உருப்படி. அதை இயற்றிய மோன்டி இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர். 'வானம்பாடி' என்று பறவை போல் வயலினைக் கூவவைக்கும் உருப்படி ருமேனியாவிலிருந்து வந்தது. நீல டான்யூப் வால்ட்ஸ் ஸ்ட்ராஸ் எழுதி 1867இல் வியன்னாவில் அரங்கேறியது. மார்க்கா ஒன்று, சரக்கு நாலு ஊர்!

அப்படியானால் எல்லாம் போலியா? இல்லை. சார்தாஷ் என்ற நடனம் ஹங்கேரியருடையதே. சமவெளியில் வழிப்போக்கர் தங்கும் சத்திரத்துக்குச் 'சார்தா' என்று பெயர், அதிலிருந்து வந்தது. அதற்கு மூத்தது 'வெர்புங்கோஷ்'. 18ஆம் நூற்றாண்டில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கச் சிப்பாய்கள் கிராமத்துக்கு வந்து ஆடுவார்கள். வாசிக்க ஜிப்ஸிக் குழுவைக் கூட்டி வருவார்கள். பார்த்து மயங்கிக் கூட ஆடிய வாலிபனைச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஆள்பிடிக்கும் இசையைப் பெரும் கலையாக்கியவர் பிஹாரி யானோஷ் (1764–1827) என்ற ஜிப்ஸி வயலின் மேதை. இசைக்குறிப்பு எழுதத் தெரியாதவர். அவர் வாசித்ததை மற்றவர்கள் எழுதி வைத்தார்கள்.

19ஆம் நூற்றாண்டில் படித்த கனவான்களும் நிலச்சுவான்தார்களும் பாட்டுகள் கட்டினார்கள். ஜிப்ஸிக் குழுக்கள் அவற்றை நாடெங்கும் பரப்பின. 1859இல் இசைமேதை லிஸ்ட் ஒரு புத்தகம் எழுதி, ஹங்கேரிய இசை என்பதே ஜிப்ஸிகள் படைத்தது என்றார். ஹங்கேரியருக்குக் கோபம் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து பார்டோக் பேலாவும் கோடாய் ஸோல்தானும் மெழுகு உருளையில் ஒலிப்பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார்கள். (அவர்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும், நம் இனிஷியல் மாதிரி.) 1906இல் இருவரும் சேர்ந்து 20 கிராமப் பாடல்களை வெளியிட்டார்கள். நகரத்து விடுதிகளில் வாசிக்கும் இசை வேறு, குடியானவன் பாடும் பழைய இசை வேறு என்று அவர்களால் காட்ட முடிந்தது.

சங்கீதம் தெரிந்த நம்மவருக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். பழைய கிராமப் பாடல்கள் பல ஐந்து ஸ்வரத்தில் அமைந்தவை. ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களேதான். மெட்டு மேலே தொடங்கிக் கீழே இறங்கும். முதல் பாதியில் வந்ததே பின்பாதியில் ஐந்து ஸ்வரம் கீழே தள்ளி வருவதும் உண்டு. படகில் கேட்கும் நகரத்து இசையிலோ 'ஜிப்ஸி ஸ்வரவரிசை' என்று மேல்நாட்டார் சொல்லும் ஒன்று அடிக்கடி தலைகாட்டும். அதன் ஸ்வரங்கள் நம் 57ஆவது மேளம் சிம்மேந்திர மத்யமத்தின் ஸ்வரங்கள். ஸ்வரம் ஒன்றானாலும் கமகமும் பிடிப்பும் வேறு. ஆகவே அவர்கள் வாசிப்பது நம் ராகம் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் எது கிராமம், எது நகரம் என்று அடையாளம் காண நம் காதுக்கு இந்தக் குறிப்பு போதும்.

வாசிப்பவர்கள் யார்?

ஜிப்ஸி என்பது பிறர் வைத்த பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'ரோமா'. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து மேற்கே போனவர்களின் வழிவந்தவர்கள். இதற்கு உறுதியான சான்று அவர்கள் மொழி. ஒன்று முதல் ஐந்து வரை ஏக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச். தண்ணீர் பானி, மூக்கு நாக், காது கான். வடநாட்டில் குடியேறி இந்தியில் காய்கறி வாங்கும் நமக்கு இதற்கு அகராதி வேண்டாம்.

இந்த உறவு வெளிப்பட்டது பற்றி 1770களில் வியன்னா இதழ் ஒன்றில் வந்த கதை சுவையானது. ஹாலந்தில் படித்த ஒரு ஹங்கேரிய மாணவர், அங்கே மலபார் மாணவர்களிடம் ஆயிரம் சொற்களைக் கேட்டு எழுதினாராம். ஊர் திரும்பி ஜிப்ஸிகளிடம் படித்துக் காட்ட, அவர்களுக்குப் பொருள் புரிந்ததாம். அறிஞர்கள் இதை முழுதாக நம்புவதில்லை. நம்மாலும் நம்ப முடியாது. அக்கால ஐரோப்பியர் மலபார் மொழி என்றால் பெரும்பாலும் தமிழையோ மலையாளத்தையோ குறித்தார்கள். 'தண்ணீர்' என்ற சொல் ரோமாவுக்கு எப்படிப் புரியும்? ஆனால் 1780களில் ஜெர்மன் அறிஞர்கள் சொற்களையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டு, இந்தியத் தொடர்பைத் தக்கபடி நிறுவிவிட்டார்கள்.

அதே 18ஆம் நூற்றாண்டில்தான் அரசி மரியா தெரசாவும் அவர் மகன் இரண்டாம் யோசேப்பும் ரோமா மொழி பேசக்கூடாது என்று தடை போட்டார்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு வீடுகளில் வளர்க்கவும் உத்தரவிட்டார்கள். இன்று ஹங்கேரிய ரோமாவில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி ஹங்கேரிய மொழிதான். வாத்தியக்காரக் குடும்பங்களான 'ரோமுங்ரோ' பிரிவினர் முன்னோர் மொழியை விட்டுத் தலைமுறைகள் ஆயின. மொழியைக் காத்த வேறு பிரிவினர் தம் வீட்டு விசேஷத்தில் பாடும் பாட்டில் பிடிலும் இல்லை, சிம்பலோமும் இல்லை. வாயாலேயே தாளம் சொல்லி, குடத்தைத் தட்டி, கரண்டியைச் சேர்த்து அடித்துப் பாடுவார்கள். படகில் 'ஜிப்ஸி இசை' என்று கேட்பது, ஜிப்ஸிகள் பிறர் விருந்துக்கு வாசித்த இசை.

பிழைப்பும் எளிதாக இருந்ததில்லை. கம்யூனிச ஆட்சியில் அரசு உணவகங்கள் குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்தன. 1989க்குப் பின் அது போயிற்று, பல குழுக்கள் கலைந்தன. 1985இல் தொடங்கிய நூறு பேர் கொண்ட ஜிப்ஸி வாத்தியக் குழு உலகம் சுற்றுகிறது. மற்றவர்களில் பலருக்குச் சுற்றுலாப் பயணிகளின் மேசைதான் கதி. கிராம இசைக்கும் வாரிசுகள் கிடைத்தார்கள். 1972இல் புடாபெஸ்ட் இளைஞர்கள் தொடங்கிய 'டான்ஸ்ஹாஸ்' என்ற ஆட்ட வீட்டு இயக்கத்தை 2011இல் யுனெஸ்கோ பாராட்டிப் பதிவு செய்தது. ஒரு மாலை மிச்சம் இருந்தால் அங்கேயும் போய்க் கேளுங்கள்.

ஒரு சிறு பேச்சு

படகு சங்கிலிப் பாலத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் நடுவே வரும்போது பெஸ்ட் கரையில் இரும்பில் வார்த்த 60 ஜோடி செருப்புகள் வரிசையாக இருக்கும். 1944–45இல் பாசிச அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளியதன் நினைவுச் சின்னம், 2005இல் வைத்தார்கள். அந்த ஆண்டுகளில் ரோமா மக்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். எங்கள் படகு அந்த இடத்தைக் கடந்தபோது உள்ளே துரித காலம் நடந்துகொண்டிருந்தது.

பிறகு ப்ரீமாஷ் எங்கள் மேசைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். எந்த நாடு என்றார். இந்தியா என்றதும் வில்லை இறக்கிவிட்டுச் சிரித்தார். அப்பா, தாத்தா, அவர் அப்பா எல்லோரும் வயலின்காரர்கள் என்றார். "ரோமா மொழியில ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியுமான்னு கேளுடா" என்றேன். மகன் ஆங்கிலத்தில் கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்தார். "தாத்தாவின் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஹங்கேரிய மொழிதான்" என்றார். வயலின் தலைமுறை தவறாமல் கைமாறியிருக்கிறது, மொழி கைமாறவில்லை. அவர்களிடமிருந்து அதை அதட்டிப் பிடுங்கினார்கள். நம்மிடம் யாரும் பிடுங்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

அவரிடம் பழைய கிராமப் பாட்டு ஒன்று கேட்டோம். சிம்பலோம்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மேலேயிருந்து இறங்கி வந்தது, ஐந்தே ஸ்வரம்.

விடுதிக்கு நடந்து போகும்போது பேரனைத் தமிழில் எண்ணச் சொன்னேன். பதினெட்டு வரை தடையில்லாமல் வந்தான். அதற்கு மேல் நின்று, என் முகத்தைப் பார்த்தான். "பத்தொன்பது" என்றேன். அன்று இருபது முடிந்த பிறகுதான் விடுதிக் கதவைத் திறந்தோம்.